"யாழ்ப்பாணம் கெட்டுப்போச்சு": கணக்கில் விடுபட்ட பக்கம்

"யாழில் பரபரப்பு", "யாழில் வாள்வெட்டு", "யாழில் நடந்த அதிர்ச்சிச் சம்பவம்". காலையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் புலம்பெயர்ந்த வீடுகளில் முதலில் கண்ணில் படுவது இப்படியான தலைப்புகள்தான். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். லண்டனில் இருக்கும் சித்தி கீழே, "ஊர் கெட்டுப்போச்சு, இனி அங்க போய் என்னத்துக்கு" என்று எழுதுவார். இன்னொருவர் கைகூப்பிய படம் ஒன்றை அனுப்புவார். அத்தோடு அந்த நாளுக்கான ஊர்ச் செய்தி முடிந்துவிடும்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் உண்டு. அந்த ஒற்றை வசனத்தை வைத்துத்தான் பல குடும்பங்கள் முடிவெடுக்கின்றன. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போவதா, பேரனார் தேடிய காணியை வைத்திருப்பதா விற்பதா, பழைய மாணவர் சங்கத்துக்குக் கொடுக்கும் காசைத் தொடர்வதா நிறுத்துவதா, அங்கிருந்து வந்த கலியாணப் பேச்சை எடுப்பதா விடுவதா என்று எல்லாமே இதில் தொங்கி நிற்கின்றன. எங்கள் பிள்ளைகளோ தாங்கள் பார்த்தேயிராத ஓர் ஊரைப் பற்றி வெட்கப்படப் பழகுகிறார்கள். முதலில் போர், பிறகு வாள் என்ற இரண்டு படங்களுக்கு மேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து, அகதியாக வெளியேறி, இப்போது டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் சிறு வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அரசியல் ஆய்வாளர் அல்ல. ஆனால் முழுமையான கணக்கு எது, பாதிக் கணக்கு எது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடு எங்கள் பிரதேசத்தைப் பற்றிய செய்திகளைப் பார்க்கும்போது தோன்றுவதை இங்கே எழுதுகிறேன்.

உயர்தரத்தில் கணக்கியல் படித்தவர்களுக்கு "விடு வழு" என்ற சொல் நினைவிருக்கும். ஒரு கொடுக்கல் வாங்கல் ஏட்டில் பதியப்படாமலே விடுபட்டுப் போவது விடு வழு. இதில் உள்ள ஆபத்து என்னவென்றால், பரீட்சை மீதி சரியாகவே பொருந்தும். எழுதப்பட்ட எல்லாம் உண்மையாக இருக்கும். எழுதப்படாததை எவரும் தேடமாட்டார்கள். வடக்கைப் பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலானவை பச்சைப் பொய் அல்ல. அவற்றில் உள்ள குறை இந்த விடு வழுதான்.

கடைசி இடம் என்றால் என்ன?

முதலில் எளிமையான ஓர் உதாரணம். மாகாணங்களின் உற்பத்திப் பங்கு பற்றிய மத்திய வங்கியின் மதிப்பீடு வெளிவரும்போது, "வடக்கு கடைசி இடத்தில்" என்று ஒரு செய்தி வரும். உழைக்காத மாகாணம், வெளிநாட்டுக் காசில் படுத்திருக்கும் மாகாணம் என்ற வியாக்கியானம் அதற்குப் பின்னால் தானாகவே வந்துவிடும்.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் வடமாகாணத்தின் பங்கு அண்மைய ஆண்டுகளில் 4 முதல் 5 சதவீதத்துக்குள் இருந்து வந்திருக்கிறது. கேட்க மிகச் சிறிய எண்தான். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டின்படி வடமாகாணத்தின் மக்கள் தொகை சுமார் 10 இலட்சத்து 61 ஆயிரம். முழு நாட்டின் மக்கள் தொகை 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல். அதாவது நாட்டில் உள்ள நூறு பேரில் ஐந்து பேர்தான் வடக்கில் வாழ்கிறார்கள். ஒன்பது மாகாணங்களில் ஆகக் குறைந்த சனத்தொகை கொண்ட மாகாணம் அது. ஆட்கள் ஆகக் குறைவான மாகாணத்தின் மொத்த உற்பத்தி கடைசியில் நிற்பது வெறும் எண்கணிதம். அதை ஒரு குணக்கேடாக வாசிப்பதற்கு இடமில்லை.

தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறிவிடும். கொழும்பை உள்ளடக்கிய மேல் மாகாணம் மட்டும் நாட்டின் உற்பத்தியில் 40 சதவீதமளவை வைத்திருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மற்ற மாகாணங்களைப் பார்த்தால், வடக்கு அவற்றின் சராசரிக்கு அருகில்தான் நிற்கிறது. முப்பது ஆண்டு போர் நடந்த மண் இந்த இடத்துக்கு வந்திருப்பது சின்ன விசயமா?

காணாமற் போன நாலு இலட்சம்

ஆட்கள் ஏன் குறைவு என்பது அடுத்த கேள்வி. இதற்கும் குடிசன மதிப்பீடே பதில் சொல்கிறது. 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் மக்கள் தொகை 8 இலட்சத்து 30 ஆயிரம். அப்போது கிளிநொச்சியும் அதற்குள் அடக்கம். 1984 இல்தான் அது தனி மாவட்டமாகப் பிரிந்தது. போருக்குப் பிறகு வடக்கில் முழுமையாக நடந்த முதல் கணக்கெடுப்பு 2012 இனுடையது. அதில் யாழ்ப்பாணம் 5 இலட்சத்து 83 ஆயிரம், கிளிநொச்சி 1 இலட்சத்து 13 ஆயிரம். இரண்டையும் கூட்டினாலும் 7 இலட்சம் வரவில்லை.

அதே 31 ஆண்டுகளில் இலங்கையின் மக்கள் தொகை 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சமாக, 37 சதவீதத்தால் கூடியது. யாழ்ப்பாணமும் அதே வேகத்தில் வளர்ந்திருந்தால் 2012 இல் அந்த நிலப்பரப்பில் ஏறக்குறைய 11 இலட்சத்து 40 ஆயிரம் பேர் இருந்திருக்க வேண்டும். 4 இலட்சத்து 40 ஆயிரம் பேர் குறைகிறார்கள்.

அந்த நாலு இலட்சத்துக்குள் செத்தவர்கள் இருக்கிறார்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கொழும்புக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பிறக்காமலே போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருக்கும் நீங்கள் இருக்கிறீர்கள். ஃபிரிஸ்கோவில் வரிப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் நானும் இருக்கிறேன். 1990 இல் ஏறத்தாழ 6,000 பேர் வாழ்ந்த இந்த ஃபிரிஸ்கோ 2020 இல் 2 இலட்சத்தைத் தாண்டியது. உலகின் பல மூலைகளிலிருந்தும் படித்தவர்கள் வந்து சேர்ந்ததால் வளர்ந்த ஊர் இது. அதே காலத்தில் படித்தவர்களை இழந்துகொண்டிருந்த ஊர் எங்களுடையது. "ஊரில் இப்ப ஆர் இருக்கினம்" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் அங்கிருந்து வெளிக்கிட்டவர்கள்தான்.

2016 ஒக்டோபரில் இரண்டு பதிவுகள்

வாள்வெட்டுக்கு வருவோம். "ஆவா" என்ற பெயரைத் தெரியாத புலம்பெயர் தமிழர் இல்லை. அந்தப் பெயர் நாடு முழுவதும் பேசப்பட்ட காலம் 2016 இன் இறுதி. அப்போது நடந்தவற்றை வரிசையாக எழுதிப் பார்ப்போம்.

2016 ஒக்டோபர் 20 ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்திப் பகுதியில் மோட்டார் சைக்கிளில் போன யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் உயிரிழந்தார்கள். முதலில் அது வீதி விபத்து என்று சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் தெரியவந்தது. ஐந்து பொலிஸார் கைது செய்யப்பட்டார்கள். இது முதலாவது பதிவு.

அடுத்த சில நாட்களில் சுன்னாகத்தில் பொலிஸ் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த இருவர் வாளால் வெட்டப்பட்டுக் காயமடைந்தார்கள். ஆவா குழுவின் பெயரில் துண்டுப் பிரசுரம் வந்தது. இது இரண்டாவது பதிவு. அதன் பிறகு வாரக்கணக்கில் செய்தி முழுவதும் ஆவாவைப் பற்றியே ஓடியது. அந்தக் குழு போர்க்காலத்துக்குப் பின் படைத்தரப்பின் ஆதரவோடு உருவாக்கப்பட்டது என்று அன்றைய அமைச்சரவைப் பேச்சாளரே ஊடகங்களுக்குச் சொன்னார். அதற்கும் ஒரு நாள் தலைப்புக்கு மேல் இடம் கிடைக்கவில்லை.

இந்த இரண்டு பதிவுகளில் எது உங்கள் நினைவில் நிற்கிறது? உங்கள் வீட்டில் இருப்பவர்களையும் கேட்டுப் பாருங்கள். ஆவா என்றால் எல்லோருக்கும் தெரியும். குளப்பிட்டி என்றால் பலர் யோசிப்பார்கள். பொலிஸார் மாணவர்களைச் சுட்ட வாரம், யாழ்ப்பாண இளைஞர்கள் வாள் தூக்கிய வாரமாக மனதில் பதிந்துபோனது இப்படித்தான். வாளால் வெட்டியது சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே வாரத்தின் இரண்டு பதிவுகளில் ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு ஒரு பிரதேசத்துக்கே குணம் எழுதக்கூடாது என்கிறேன்.

ஆரம்ப மீதியைப் பார்க்காத பரீட்சைப் பெறுபேறு

"கல்வியில் சிறந்த யாழ்ப்பாணம் இன்று கடைசி" என்பது அடுத்த பிரபலமான தலைப்பு. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகளில் வடமாகாணம் ஒன்பதாவது இடத்துக்குப் போன ஆண்டுகள் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் எந்தக் கணக்கிலும் இந்த ஆண்டு நடந்ததை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆரம்ப மீதி எவ்வளவு என்று கேட்க வேண்டும். 2009 இல் முதலாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய ஒரு வன்னிப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் அந்தப் பிள்ளை பதுங்குகுழியில் இருந்தது. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்ட அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. மீள்குடியேறி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை, வீட்டில் தகப்பன் இல்லை. அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஆண்டு 2019. அதன் பெறுபேற்றைப் போர் தொடாத மாவட்டத்தின் பிள்ளையோடு ஒரே அட்டவணையில் வைத்து, "கடைசி" என்று தலைப்பிடுகிறோம்.

மாகாண சராசரி என்பதற்குள் யாழ்ப்பாண நகரத்தின் பெரிய பாடசாலைகளும் இருக்கின்றன, ஆசிரியர்கள் மாற்றம் கேட்டுக்கொண்டு வெளிக்கிடும் துணுக்காய், மடுப் பாடசாலைகளும் இருக்கின்றன. "யாழ்ப்பாணம் கெட்டுப்போச்சு" என்ற வசனம் இந்த வேறுபாட்டை மூடிவிடுகிறது. நாங்கள் அனுப்பும் காசும் அதனாலேயே ஏற்கெனவே வசதியுள்ள பள்ளிக்கூடங்களுக்கு மூன்றாவது மண்டபம் கட்டப் போகிறது. கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

ஆரம்ப மீதியில் பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. 1950 இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் அழிந்தது. ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை 2025 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. யாழ்தேவி 1990 இல் நின்று, 2014 ஒக்டோபர் 13 இல் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதாக 2013 இல் அறிவித்தல் ஒட்டினார்கள். அங்கே உள்ளது செம்மண். வெங்காயமும் உருளைக்கிழங்கும் விளைந்த தோட்டங்கள். பகுதி பகுதியாகக் காணிகள் விடப்பட்டன. எல்லாம் விடப்படவில்லை. தொழிற்சாலையை இழந்து, ரயிலை இழந்து, தோட்டத்தைப் பறிகொடுத்த மாகாணத்தைப் பார்த்து "ஏன் உழைக்கிறாய் இல்லை" என்று கேட்கும்போது, கேட்பவர் எந்த ஏட்டைப் பார்க்கிறார்?

ஒரே டொலர், இரண்டு பெயர்

"வெளிநாட்டுக் காசில் வாழும் சோம்பேறிகள்" என்ற பேச்சில் எனக்கு வியப்பாக இருப்பது ஒன்று உண்டு. இலங்கை முழுவதுமே வெளிநாட்டுக் காசில்தான் மூச்சு விடுகிறது. 2024 இல் வெளிநாடுகளில் வேலை செய்பவர்கள் நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலருக்கும் மேல். மத்திய கிழக்கில் வேலை செய்து பணம் அனுப்பும் தொழிலாளியை அரசாங்கம் "ரட்ட விருவோ", நாட்டின் வீரர் என்று அழைக்கிறது. அது சரியான மரியாதைதான். ஆனால் ரியாத்திலிருந்து குருநாகலுக்கு வரும் டொலர் வீரத்தின் டொலர் என்றால், ரொறன்ரோவிலிருந்து சாவகச்சேரிக்கு வரும் டொலர் மட்டும் எப்படிச் சோம்பலின் டொலர் ஆகிறது? ஐந்தொகையில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் எழுதப்படும்.

வடக்கில் எல்லார் வீட்டிலும் வெளிநாட்டுக்காரர் இருக்கிறார் என்பதும் பிழையான நினைப்பு. முல்லைத்தீவு மீனவர் வீட்டில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்கலாம். 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களில் பலருக்குக் கனடாவில் மாமாவும் இல்லை, சுவிஸில் அண்ணனும் இல்லை. அவர்கள் கூலி வேலைக்குப் போய்த்தான் சாப்பிடுகிறார்கள். நுண்கடன் வாங்கி அதற்கு வட்டி கட்டுகிறார்கள். ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து வெங்காயமும் புகையிலையும் செய்த சமூகத்தின் பிள்ளைகள் இவர்கள். மோட்டார் சைக்கிளில் சந்தியில் நிற்கும் பத்துப் பெடியளைப் படம் பிடிக்கிறவர்கள், விடிய நாலு மணிக்குத் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவருகிறவரைப் படம் பிடிப்பதில்லை.

எங்கள் ஊர் என்றால் ஒரு நியாயம்

இதை நாங்கள் விளங்கிக்கொள்ள முடியாதவர்களா என்றால், இல்லை. 2023 மே 6 ஆம் திகதி, ஃபிரிஸ்கோவிலிருந்து கொஞ்ச நேரக் கார் ஓட்டத்தில் உள்ள அலன் நகரத்தின் கடைத்தொகுதியில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு எட்டுப் பேரைக் கொன்றான். நாங்களும் பிள்ளைகளோடு சாமான் வாங்கப் போகிற இடம் அது. அன்றிரவே ஊரிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன. "என்ன பிள்ளை, அங்க கடைக்குள்ள எல்லாம் சுடுறாங்களாமே? பயமெண்டால் பேசாமல் இங்க வந்து இருங்கோ" என்று உரும்பிராயில் இருக்கும் வயதான மாமி சொன்னார்.

இங்குள்ள எங்கள் ஆட்கள் அதற்குச் சொன்ன பதில் என்ன? "இல்லை மாமி, அது ஒருத்தன் செய்த வேலை. இங்க பள்ளிக்கூடம் நல்லம், அயலட்டை நல்லம், பிள்ளையள் சைக்கிள் ஓடித் திரியுதுகள்." அந்தப் பதில் சரியானது. துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு நாளை வைத்து ஓர் ஊரை அளக்கக் கூடாது என்று சொன்னது. நாங்கள் வாழும் இடத்துக்கு இந்த நியாயத்தைக் கேளாமலே கொடுக்கிறோம். பிறந்த இடத்துக்கு அதே நியாயத்தைக் கொடுக்க மறுக்கிறோம்.

இங்கே பக்கத்து வீடுகளில் இருக்கும் தமிழ்நாட்டு நண்பர்களில் பலருக்கு எங்கள் மக்கள் என்றால் "மெட்ராஸ் கஃபே" படமும் "த ஃபேமிலி மேன்" தொடரின் இரண்டாம் பகுதியும்தான் நினைவுக்கு வருகின்றன. 2021 இல் அந்தத் தொடரைத் தடைசெய்யச் சொல்லித் தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு தொடரை நிறுத்தினாலும், அந்த நண்பர் நாளைக்கு எங்களிடமே கேட்பார். நாங்களே "ஊர் கெட்டுப்போச்சு" என்று பதில் சொன்னால், சினிமாக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

இந்தச் செய்திக்கு யார் காசு கொடுக்கிறார்?

கணக்காளர் கடைசியில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வருமானம் எங்கிருந்து வருகிறது?

கொழும்பு ஊடகங்களின் பாரபட்சம் பழைய கதை. இன்றைக்கு "யாழில் பரபரப்பு" என்று தலைப்பிடுவது பெரும்பாலும் தமிழ் இணையத்தளங்களும் தமிழ் யூரியூப்காரர்களும்தான். அவர்களுடைய வருமானம் விளம்பரத்தில் வருகிறது. விளம்பரதாரர் கொடுக்கும் விலை பார்வையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கனடாவிலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒருவர் பார்த்தால் கிடைக்கும் காசு, இலங்கையிலிருந்து பார்த்தால் கிடைப்பதைவிடப் பல மடங்கு கூட. ஆகவே யாழ்ப்பாணத்தில் எடுக்கப்படும் செய்தியின் உண்மையான வாடிக்கையாளர் யாழ்ப்பாணத்தில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சோபாவில் இருந்து தட்டிப் பார்க்கும் நாங்கள்தான் அந்த வாடிக்கையாளர்.

வாள்வெட்டுக்கு இலட்சம் பார்வை வருகிறது. மாகாண சபை இல்லாததால் தேங்கி நிற்கும் வேலைகளைப் பற்றிய செய்திக்கு ஐந்நூறு பார்வை வருகிறது. நாளைக்கு எதை எடுப்பது என்று அந்தப் பெடியன் எளிதாக முடிவு செய்துவிடுவான். ஏழைத் தாயின் வீட்டு வாசலில் கமராவோடு போய் அவரை அழ வைத்து, பிறகு ஓர் உறை கொடுக்கும் காணொளிகளும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. அந்தத் தாயின் பிள்ளைகள் நாளைக்கும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது அந்தக் கணக்கில் வராது.

நாங்களே எழுத வேண்டிய பக்கம்

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஊரில் எல்லாம் பொன்னும் மணியும் என்று எழுதினால் அதுவும் விடு வழுதான். போதைப்பொருள் உண்டு. கேரளக் கஞ்சா கடலால் வருகிறது. ஹெரோயினும் ஐஸும் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள்வரை போயிருக்கிறது. இத்தனை கடற்படை முகாம்கள் உள்ள கரையால் இவ்வளவும் எப்படி வருகிறது என்று ஊரில் உள்ள தாய்மார் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியையும் சேர்த்தே எழுத வேண்டும். சாதி இன்னும் கோயில் வீதியிலும் கலியாணப் பேச்சிலும் இருக்கிறது. அதை வெளிநாட்டுக்குக் கொண்டுவந்தவர்களும் நாங்கள்தான். கணவனை இழந்து தனியே வீட்டைக் கொண்டு நடத்தும் பெண்களை மதிக்காத பேச்சும் இருக்கிறது.

இன்னொரு பதிவும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒரு சில மணி நேர அவகாசத்தில், கையில் கொண்டுபோகக் கூடியதோடு வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் விடுதலைப் புலிகள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வர, வலிகாமம் முழுவதும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. ஒரே திகதி. இரண்டாவது ஒக்டோபரை நாங்கள் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். முதலாவது ஒக்டோபரைச் சொல்லத் தயங்குகிறோம். மேலே சொன்ன நாலு இலட்சத்துக்குள் அந்த முஸ்லிம் குடும்பங்களும் அடக்கம். சொந்த ஏட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, கொழும்புக்காரரின் ஏட்டில் பிழை பிடிக்கப் போனால் எவரும் கேட்கமாட்டார்கள். ஊரைப் பாதுகாப்பது என்றால் முழு ஏட்டையும் திறந்து வைப்பதுதான்.

இரண்டு பொய் ஐந்தொகைகள்

இன்று எங்கள் பிரதேசத்தைப் பற்றி இரண்டு ஐந்தொகைகள் உலாவுகின்றன. ஒன்று "எல்லாம் கெட்டுவிட்டது" என்பது. மற்றது "எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது, நல்லூர்த் திருவிழாவைப் பாருங்கள், பலாலி விமான நிலையத்தைப் பாருங்கள்" என்பது. முதலாவது எங்கள் வாட்ஸ்அப்பில் வருகிறது. இரண்டாவது அரசாங்க அறிக்கைகளில் வருகிறது.

எங்களில் பலருக்கு இதில் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. தஞ்சக் கோரிக்கை இன்னும் முடியாத உறவினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். "ஊர் நல்லாய்த்தான் இருக்கு" என்று பொதுவெளியில் சொன்னால் அது அவர்களுக்கு எதிராகத் திரும்புமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் "ஊரில் வாள்காரரும் குடிகாரரும்தான்" என்ற படமும் அந்த உறவினருக்கு உதவாது. அவர் தப்பி வந்தது ஊர்ச் சண்டையிலிருந்து அல்ல. அரச அடக்குமுறையிலிருந்தும் விசாரணையிலிருந்தும். வாள்வெட்டுப் படம் பெரிதாகும்போது, படைமுகாமும் காணிப் பறிப்பும் கண்காணிப்பும் பின்னால் மறைந்துவிடும். அதிகப் பொலிஸும் அதிக இராணுவமும்தான் யாழ்ப்பாணத்துக்குத் தேவை என்ற வாதத்துக்கு அந்தப் படம்தான் சாட்சியாகிறது. நல்ல மக்கள் வாழும், நியாயம் கிடைக்காத ஓர் இடம் என்பதே உண்மைக்குக் கிட்டிய படம். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல நாங்கள் பழக வேண்டும்.

செய்யக் கூடியவை

பெரிய இயக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு தலைப்பை அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். எந்த ஊர், எந்தத் திகதி? பழைய காணொளிகள் புதிது போலச் சுற்றுகின்றன. எத்தனை பேரில் எத்தனை பேர்? ஆறு இலட்சம் பேர் வாழும் மாவட்டத்தில் ஆறு பேர் செய்ததற்கு எல்லாரையும் கூட்டக் கூடாது. பிறகு என்ன நடந்தது? கைது, வழக்கு, தீர்ப்பு எதுவும் தெரியாவிட்டால் அந்தச் செய்தி இன்னும் முடியவில்லை.

பிள்ளைகளுக்கு ஊரைக் காட்ட முடிந்தவர்கள் காட்டுங்கள். போக முடியாதவர்கள் பலர் உண்டு. அவர்கள் நிலைமை வேறு. அவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி, பெரியம்மாவிடம் வெங்காயம் என்ன விலை, கிணற்றில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடத்தில் இந்த முறை எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று கேட்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் காசு அனுப்புமுன், கணித, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத வன்னிப் பாடசாலை ஒன்றின் பெயரைக் கேட்டு வாங்கலாம். செய்தித் தளங்களை நடத்துகிறவர்களுக்கு, ஒரு வாள்வெட்டுச் செய்தியை எழுதினால் அதன் வழக்கு முடிந்ததையும் எழுதுங்கள் என்று ஒரு வரி அனுப்பலாம். தட்டிப் பார்க்கும் எங்கள் விரலுக்குத்தான் அவர்கள் வேலை செய்கிறார்கள். எங்கள் வரிக்கும் கொஞ்சம் மதிப்பிருக்கும்.

மச்சான் நாளைக் காலையும் குழுவில் ஒன்றைப் போடுவார். அவரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. "மச்சான், இது எந்த ஊர், எப்ப நடந்தது, பிறகு என்ன நடந்தது எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று கீழே எழுதிவிடுங்கள்.